டவர் விழுந்த பிறகும் பேசுறவங்க: ஹாம் ரேடியோவும் பேரிடரும்

எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேச்சில் வந்த தடுமாற்றங்களை எடுத்துவிட்டு, வாசிக்க வசதியாகத் தொகுத்திருக்கிறோம்.

இன்னைக்கு எபிசோட் எங்க வீட்டுக் கதையில இருந்து ஆரம்பிக்குது.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை ராத்திரி. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துச்சு. வழக்கமா புயல் கரையைக் கடந்ததும் நகர்ந்து போயிடும், வலு குறைஞ்சிடும். இது அப்படிப் போகல. பல மணி நேரம் கிட்டத்தட்ட ஒரே இடத்துல நின்னு கொட்டுச்சு. விழுப்புரம் மாவட்டம் மயிலத்துல ஒரே நாள்ல ஏறக்குறைய 50 செ.மீ. மழை. சென்னைக்கு ஒரு முழு வருஷத்துக்கே சராசரியா 140 செ.மீ. தான்னு நினைச்சுப் பாருங்க, இந்த எண் எவ்வளவு பெருசுன்னு புரியும்.

எங்க பெரியம்மா, பெரியப்பா, அண்ணன் குடும்பம் எல்லாரும் செஞ்சியில இருக்காங்க. மயிலத்துல இருந்து ரொம்பத் தூரம் இல்ல. அந்த ஊரை ஒட்டி ஓடுற சங்கராபரணி ஆறு கோடையில பார்த்தா வெறும் மணல்தான். மழை வந்தா கதையே வேற.

ஞாயித்துக்கிழமை காலையில சென்னையில இருந்து போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. அண்ணனுக்குப் போட்டேன், அதே. அண்ணிக்கு, அதே. வாட்ஸ்ஆப்ல போட்ட மெசேஜ் எல்லாம் ஒத்தை டிக்கோட நிக்குது. வீட்ல நாலு போன் இருக்கு. நாலுமே இல்லாத மாதிரிதான்.

பெரியப்பா இன்சுலின் போடுறவர். எனக்குத் தெரிய வேண்டியது ரெண்டே விஷயம்: வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா? இன்சுலின் கையிருப்பு இருக்கா? அவ்வளவுதான். வீடியோ கால் வேண்டாம், போட்டோ வேண்டாம். பத்து வார்த்தைல பதில் வந்தா போதும். அந்தப் பத்து வார்த்தை என்கிட்ட வந்து சேர திங்கட்கிழமை மதியம் ஆச்சு. எல்லாரும் நல்லாத்தான் இருந்தாங்க. கரண்ட் இல்ல, சிக்னல் இல்ல, போன்ல சார்ஜ் இல்ல, அவ்வளவுதான்.

நான் பொழப்புக்குப் பண்றது, சர்வர் விழாம பார்த்துக்குற வேலை. ராத்திரி ரெண்டு மணிக்கு ஏதோ ஒரு டேட்டாபேஸ் அஞ்சு நிமிஷம் நின்னா எனக்கு அலாரம் அடிக்கும். ஆனா 160 கிலோமீட்டர் தள்ளி இருக்குற சொந்தக்காரங்களோட பத்து வார்த்தை பேச என்கிட்ட ரெண்டாவது வழி எதுவும் இல்ல. அதுக்கப்புறம்தான் ஹாம் ரேடியோ பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதுல புரிஞ்சதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

முதல்ல, போன் ஏன் சாகுது?

நம்ம எல்லாருக்கும் ஒரு தப்பான பிம்பம் இருக்கு. என் போன்ல இருந்து உங்க போனுக்கு நேரா ஏதோ ஒரு அலை போகுதுன்னு நினைச்சுக்குறோம். அப்படி இல்ல. நீங்களும் நானும் ஒரே ரூம்ல எதிரெதிரே உட்கார்ந்து போன்ல பேசினாலும், உங்க குரல் முதல்ல பக்கத்து டவருக்குப் போகுது. அங்க இருந்து பெரும்பாலும் ஃபைபர் கேபிள் வழியா கம்பெனியோட மையத்துக்குப் போகுது. அப்புறம்தான் திரும்பி வந்து என் போனுக்கு வருது. வாட்ஸ்ஆப்னா இன்னும் நீளமான சுத்து, எங்கேயோ இருக்குற சர்வர் வரைக்கும் போயிட்டு வரணும்.

இந்தப் பாதையில எது போனாலும் போச்சு. புயல்ல மூணு விதமா போகும்.

ஒண்ணு, கரண்ட். டவருக்கு பேட்டரி உண்டு, ஆனா அது சில மணி நேரம்தான் தாங்கும். பல இடத்துல டீசல் ஜெனரேட்டர் இருக்கும். ரோட்டுல இடுப்பளவு தண்ணி நின்னா டீசலை யார் கொண்டு போய் ஊத்துறது?

ரெண்டு, கேபிள். மரம் சாய்ஞ்சோ, பாலத்தோட ஓரம் அரிச்சுக்கிட்டுப் போயோ ஃபைபர் அறுந்தா, டவர் நிமிர்ந்து நின்னாலும் பிரயோஜனம் இல்ல. போன்ல சிக்னல் கட்டை தெரியும், ஆனா எதுவும் போகாது.

மூணு, கூட்டம். டவர் உயிரோட இருந்தாலும், ஊரே ஒரே நேரத்துல போன் போட்டா அதால தாங்க முடியாது. இந்த மாதிரி நேரத்துல காலை விட எஸ்எம்எஸ் கிடைக்க வாய்ப்பு அதிகம். கால்னா தொடர்ச்சியா ஒரு லைன் வேணும். எஸ்எம்எஸ் வரிசையில நின்னு, இடம் கிடைக்குறப்ப போயிடும். இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, ரேடியோவே வாங்கலைன்னாலும் உதவும்.

ஹாம் ரேடியோ இந்தப் பாதையையே தூக்கிப் போட்டுடுது. என் செட், உங்க செட். நடுவுல காத்து. டவர் இல்ல, கேபிள் இல்ல, சர்வர் இல்ல, மாசக் கட்டணம் இல்ல. ஹாம்னா அமெச்சூர் வானொலி இயக்குறவங்க. பரீட்சை எழுதி, அரசாங்கத்துக்கிட்ட லைசென்ஸ் வாங்கி, சம்பளம் எதுவும் இல்லாம, ஆர்வத்துக்காகப் பண்றவங்க.

ராஜகிரி மேல நின்னு ஒரு கணக்கு

போன தடவை செஞ்சிக்குப் போனப்ப ராஜகிரி ஏறினேன். 2025 ஜூலையில யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியல்ல செஞ்சிக் கோட்டை சேர்ந்ததுல இருந்து ஊர்ல எல்லாருக்கும் ஒரு தனிப் பெருமை. மராட்டியர்களோட 12 கோட்டைகளைச் சேர்த்துக் கொடுத்த அங்கீகாரம் அது. அதுல 11 மகாராஷ்டிரத்துல இருக்கு. வெளியே இருக்குறது செஞ்சி மட்டும்தான். 17-ஆம் நூற்றாண்டோட கடைசியில சிவாஜியோட மகன் ராஜாராம் இங்க இருந்துதான் முகலாயப் படையோட முற்றுகையைப் பல வருஷம் சமாளிச்சார்.

ராஜகிரி சுமார் 800 அடி, அதாவது 240 மீட்டர் உயரம். மூச்சு வாங்கி, குரங்குகிட்ட இருந்து தண்ணி பாட்டிலைக் காப்பாத்தி, அந்தப் பள்ளத்து மேல இருக்குற பாலத்தைத் தாண்டி உச்சிக்குப் போனீங்கன்னா, சுத்தி எல்லாமே தெரியும். கோட்டையை ஏன் மலை மேல கட்டினாங்கன்னு கேட்கவே வேண்டாம். வர்றவனை முன்னாடியே பார்க்கலாம்.

ரேடியோவுக்கும் இதே நியாயம்தான். கையடக்க வாக்கி டாக்கி மாதிரி செட் பயன்படுத்துற அலைகளுக்கு விஎச்எஃப்னு பேரு. இந்தியாவுல ஹாம்களுக்கு 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் ஒரு பட்டை ஒதுக்கியிருக்காங்க. இந்த அலை பெரும்பாலும் நேர்கோட்டுல போகும். பூமி வளைஞ்சிருக்கு. அதனால ஒரு தூரத்துக்கு மேல அலை தரைக்கு மேலேயே போயிடும், கீழ இருக்குறவருக்குக் கிடைக்காது.

எவ்வளவு தூரம்? ஒரு எளிமையான கணக்கு இருக்கு. ஆன்டெனா எத்தனை மீட்டர் உயரத்துல இருக்கோ அதோட வர்க்கமூலத்தை 4.1-ஆல பெருக்குங்க. கிலோமீட்டர்ல விடை வரும்.

தரையில நிக்குறேன், செட் ஒன்றரை மீட்டர் உயரத்துல இருக்கு. வர்க்கமூலம் சுமார் 1.2. ஆக 5 கிலோமீட்டர். அதுலயும் வீடு, மரம், பாறை எல்லாம் மறைச்சா ரெண்டு மூணு கிலோமீட்டர்தான் நிஜத்துல கிடைக்கும்.

ராஜகிரி உச்சி, 240 மீட்டர். வர்க்கமூலம் 15.5. ஆக 63 கிலோமீட்டருக்கு மேல. அதே செட், அதே பேட்டரி, அதே 5 வாட். உங்க வீட்டு எல்இடி பல்பை விடக் கம்மியான சக்தி. நடுவுல வேற மலை மறைக்காத வரைக்கும் திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலை எல்லாமே இந்த வட்டத்துக்குள்ள வருது.

அதுக்காக யாரும் செட்டை எடுத்துக்கிட்டுக் கோட்டைக்கு ஓடிடாதீங்க. அது தொல்லியல் துறை பாதுகாக்குற இடம், அனுமதி இல்லாம அங்க எதையும் மாட்ட முடியாது. கணக்கு புரியத்தான் சொல்றேன். நிஜத்துல ஹாம்கள் உயரமான கட்டடத்துலயோ மலையிலயோ அனுமதி வாங்கி ரிப்பீட்டர்னு ஒரு கருவியை வைப்பாங்க. கீழ இருக்குறவர் பேசுறதை அது வாங்கி, பலமாக்கி, திரும்ப அனுப்பும். ஆனா கவனிங்க, ரிப்பீட்டருக்கும் கரண்ட் வேணும். அது போனா, உயரமான இடத்துல செட்டோட ஒரு ஆள் உட்கார்ந்து, இங்க கேட்டதை அங்க சொல்ல வேண்டியதுதான்.

ரெண்டு தென்னை மரம், ஒரு கம்பி

63 கிலோமீட்டர் சரி. சென்னைக்கு எப்படிப் பேசுறது? அந்தமானுக்கு?

அங்கதான் எச்எஃப் வருது, நம்ம பழைய சிற்றலை வானொலி இருந்த பகுதி. பூமிக்கு மேல சுமார் 100-ல இருந்து சில நூறு கிலோமீட்டர் உயரத்துல அயனிமண்டலம்னு ஒரு அடுக்கு இருக்கு. சூரிய ஒளி பட்டு அங்க இருக்குற வாயு மின்னேற்றம் அடையுது. விஎச்எஃப் அலை பொதுவா அதைத் துளைச்சுக்கிட்டு விண்வெளிக்குப் போயிடும். எச்எஃப் அலையை அது வளைச்சுக் கீழே திருப்பி விடும். கேரம் போர்டுல காயினை நேரா அடிக்க முடியலைன்னா கட்டையில அடிச்சுத் திருப்புவோமே, அதே மாதிரி.

ஹாம்கள் அதிகமாப் பயன்படுத்துற ஒரு பட்டை 7 மெகாஹெர்ட்ஸ். அலைநீளம் சுமார் 40 மீட்டர், அதனால 40 மீட்டர் பேண்ட்னு சொல்லுவாங்க. அதுக்கு ஆன்டெனான்னா ஏதோ பெரிய டவர்னு நினைக்காதீங்க. பக்கத்துக்குப் பத்து மீட்டர்னு மொத்தம் இருபது மீட்டர் சாதாரணச் செம்புக் கம்பி. ரெண்டு தென்னை மரத்துக்கு நடுவுல துணிக்கொடி மாதிரி கட்டி, நடுவுல கேபிளைச் சேர்த்தா ஆன்டெனா தயார். செட் 12 வோல்ட்ல ஓடும். கார் பேட்டரி போதும்.

இதுல ஒரு சுவாரசியமான விஷயம். அந்தக் கம்பியை ரொம்ப உயரத்துல கட்டாம, கொஞ்சம் தாழ்வாவே கட்டினா அலை நேரா மேல போய் நேரா கீழே விழும், சுத்தி சில நூறு கிலோமீட்டருக்கு மழை மாதிரி. மாவட்டத்துல இருந்து தலைநகருக்குச் செய்தி சொல்ல இதுதான் சரி. நடுவுல மலை இருந்தாலும் கவலை இல்ல, அலை மேல இருந்துதானே வருது.

ஆனா அயனிமண்டலம் சூரியனை நம்பி இருக்கு. காலையில ஒரு மாதிரி, ராத்திரி ஒரு மாதிரி. எந்த நேரத்துல எந்தப் பட்டையில எந்த ஊர் கிடைக்கும்னு ஒரு கை பழக்கம் வேணும். மேனுவலைப் படிச்சா மட்டும் வராது, தினமும் உட்கார்ந்து பேசினாத்தான் வரும். இது ஏன் முக்கியம்னு சொல்ல ஒரு நிஜக் கதை இருக்கு.

2004 டிசம்பர், போர்ட் பிளேர்

உலகம் முழுக்க ஹாம்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. யாரும் அதிகம் இல்லாத தீவு, குட்டி நாடு மாதிரி இடத்துல இருக்குறவரோட பேசிப் பட்டியல்ல டிக் போட்டுக்குறது. நம்ம சின்ன வயசுல ஸ்டாம்ப் சேர்த்த மாதிரி. அந்தமான் நிக்கோபார் அந்தப் பட்டியல்ல ரொம்ப அரிதான இடம். பல வருஷமா அங்க இருந்து ஹாம் ரேடியோ இயக்க அனுமதி கிடைக்காம இருந்துச்சு.

ஹைதராபாத்துல இருக்குற தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் விடாம முயற்சி பண்ணி அந்த அனுமதியை வாங்கினாங்க. 2004 டிசம்பர் தொடக்கத்துல குழுவோட போர்ட் பிளேர் போனாங்க. இப்போ ஸ்ரீ விஜய புரம்னு பேர் மாத்தியிருக்காங்களே, அதே ஊர். வி.யு.4 ஆர்.பி.ஐ. அப்படிங்கிற அழைப்புக் குறியோட ஆன்டெனா கட்டி உட்கார்ந்தாங்க. உலகம் முழுக்க இருந்து ஆயிரக்கணக்கான பேர் வரிசையில நின்னு அவங்களோட பேசினாங்க. அதுவரைக்கும் இது முழுக்க முழுக்க ஒரு பொழுதுபோக்கு.

டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை, காலையில ஆறரை மணி வாக்கில் சுமத்ராவுக்குப் பக்கத்துல கடலுக்கு அடியில பூகம்பம். அதுக்கப்புறம் நாகப்பட்டினம் கரையில நடந்தது நமக்கெல்லாம் தெரியும். நிக்கோபார் தீவுகள் அந்தப் பூகம்பத்துக்கு இன்னும் கிட்ட இருந்தவை. கார் நிக்கோபார்ல விமானப்படைத் தளமே சிதைஞ்சு போச்சு. தீவுகளுக்கு நடுவுல தொலைபேசித் தொடர்பு அறுந்துபோச்சு. எந்தத் தீவுல யார் உயிரோட இருக்காங்கன்னு தெரியாத நிலைமை.

போர்ட் பிளேர்ல என்ன இருந்துச்சு? வேலை செய்யுற எச்எஃப் நிலையம். கட்டி வச்ச ஆன்டெனா. மூணு வாரத்துக்கு மேல ராப்பகலா உட்கார்ந்து, எந்த நேரத்துல எந்தப் பட்டை எங்க வரைக்கும் போகுதுன்னு விரல் நுனியில வச்சிருந்த ஆட்கள்.

விளையாட்டை அந்த நிமிஷமே நிறுத்திட்டு, பாரதி பிரசாத் குழு அவசரத் தொடர்புக்கு மாறினாங்க. நிர்வாகத்தோட சேர்ந்து வேலை பார்த்தாங்க. போர்ட் பிளேர்ல இருந்து 250 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்குற கார் நிக்கோபாருக்கும் ஹாம்கள் போய் நிலையம் அமைச்சாங்க. நிவாரணத்துக்கு என்ன தேவைங்கிற செய்தி ஒரு பக்கம் போச்சு. என் மகன் எங்க, என் அக்கா குடும்பம் எங்கன்னு தேடின சொந்தக்காரங்களோட கேள்விகள் இன்னொரு பக்கம் போச்சு. அந்தமான்ல எத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருக்காங்கன்னு யோசிச்சுப் பாருங்க. நான் ஃபெஞ்சல் அன்னைக்கு ஒன்றரை நாள் தவிச்சேன். அவங்களுக்கு அது நாள் கணக்கு.

இதுல நான் பிடிச்சுக்கிட்ட விஷயம் ஒண்ணுதான். சுனாமி வரும்னு யாரும் அந்த நிலையத்தை அங்க வைக்கல. ஒரு பொழுதுபோக்குக்காக வச்சாங்க. ஆனா அந்தப் பொழுதுபோக்குதான் ஒத்திகையா இருந்துச்சு. டிசம்பர் 27-ஆம் தேதி புது செட்டை வாங்கி, பெட்டியைப் பிரிச்சு, மேனுவலைப் படிச்சிருந்தா எதுவும் நடந்திருக்காது.

எங்க வேலையில ஒரு சொலவடை உண்டு. ரீஸ்டோர் பண்ணிப் பார்க்காத பேக்கப், பேக்கப்பே இல்ல. கலெக்டர் ஆபீஸ் பீரோவுல பூட்டி வச்சிருக்குற பத்து செட்டை விட, தினமும் சாயங்காலம் மொட்டை மாடியில உட்கார்ந்து வெட்டிக்கதை பேசுற ரெண்டு ஹாம் பெரிய பாதுகாப்பு.

1999 ஒடிசா சூப்பர் புயல், 2001 குஜராத் பூகம்பம், 2018 கேரள வெள்ளம், எல்லாத்துலயும் ஹாம்கள் போய் நின்னிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் போனவங்க, அதுக்கு முன்னாடியே வருஷக்கணக்கா சும்மா பேசிப் பழகினவங்க.

எல்லாரும் ஒரே நேரத்துல பேசினா?

ரேடியோவுல ஒரு அலைவரிசையில ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும். ரெண்டு பேர் பேசினா ரெண்டும் கெட்டுப் போகும். அதனால பேரிடர் நேரத்துல ஒருத்தர் வகுப்பு லீடர் மாதிரி உட்காருவார். அவரோட நிலையத்தைக் கட்டுப்பாட்டு நிலையம்னு சொல்லுவாங்க. அவர் கூப்பிட்டாத்தான் பேசணும். அவர் கேக்குற முதல் கேள்வி, உயிர் சம்பந்தப்பட்ட செய்தி யார்கிட்டயாவது இருக்கா? அது முதல்ல. அப்புறம் சாப்பாடு, மருந்து, படகு. அப்புறம்தான் நலமா இருக்கோம்ங்கிற செய்திகள்.

செய்தியும் மனசுக்குத் தோணினதைப் பேசுறது இல்ல. எண், நேரம், யார்கிட்ட இருந்து, யாருக்கு, மொத்தம் எத்தனை வார்த்தை, அப்புறம் செய்தி. எங்க வீட்டுக்கு அன்னைக்கு வந்திருக்க வேண்டிய செய்தியை நானே எழுதிப் பார்த்தேன்: "வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. ஐவரும் நலம். இன்சுலின் ஆறு நாளுக்கு உள்ளது." ஒன்பது வார்த்தை. வாங்குறவர் ஒன்பது வார்த்தை வந்துச்சான்னு எண்ணிப் பார்ப்பார், அப்புறம் முழுசாத் திருப்பிப் படிப்பார். அனுப்பினவர் சரின்னு சொன்னாத்தான் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்ததா அர்த்தம். புரோகிராமர் நண்பர்களே, இது என்னன்னு உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். செக்சம், அக்னாலெட்ஜ்மென்ட். நம்ம கண்டுபிடிச்சதா நினைக்குறது எல்லாம் இவங்க பென்சிலும் பேப்பரும் வச்சுப் பண்ணிட்டு இருந்தது.

ஏன் இவ்வளவு கறார்? இரைச்சலுக்கு நடுவுல "ஆறு நாள்" "நூறு ஆள்"னு கேட்டா என்ன ஆகும்?

ஊர்ப் பேர் இன்னும் மோசம். நம்ம ஊரையே எடுத்துக்கோங்க. நாம செஞ்சின்னு சொல்றோம். வெள்ளைக்காரன் எழுதி வச்ச எழுத்துல படிச்சா ஜிஞ்சி. வெளி மாநிலத்துல இருந்து வந்த மீட்புக் குழு மேப்ல ஜிஞ்சின்னு தேடும், ஊர்க்காரர் செஞ்சின்னு சொல்வார். ரெண்டும் ஒரே ஊர்னு தெரியாத ஒருத்தர் நடுவுல இருந்தா, படகு எங்க போகும்? அதனால முக்கியமான பேரை எழுத்து எழுத்தாச் சொல்லுவாங்க, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நிலையான வார்த்தை வச்சு. ஜிஞ்சிக்கு: கால்ஃப், இந்தியா, நவம்பர், கால்ஃப், எக்கோ, எக்கோ. சத்தமா ஒரு தடவை சொல்லிப் பாருங்க. எவ்வளவு இரைச்சல்லயும் தப்பாக் கேக்காது.

அப்போ ஸ்டார்லிங்க் எதுக்கு?

இந்தக் கேள்வி கமென்ட்ல வரும்னு தெரியும். நியாயமான கேள்விதான். செயற்கைக்கோள் இணைப்பு பேரிடர்ல உண்மையிலேயே பெரிய உதவி. வீடியோ, மேப், மருத்துவ விவரம் எல்லாம் அதுலதான் போக முடியும். ஹாம் ரேடியோ அதுக்குப் போட்டி இல்ல. ஆனா அந்தக் கருவி அந்த ஊர்ல இருக்கணும், அதுக்குக் கரண்ட் இருக்கணும், ஒரு கம்பெனியோட மொத்த அமைப்பும் ஓடிட்டு இருக்கணும். சாட்டிலைட் போனுக்கு இந்தியாவுல தனி அனுமதியும் வேணும். ஹாம் ரேடியோ மூணாவது வரிசைப் பாதுகாப்பு. முதல் ரெண்டும் விழுந்த பிறகு, பேட்டரியும் கம்பியும் பழக்கப்பட்ட ஆளும் இருந்தா ஓடுறது.

அதோட குறைகளையும் சொல்லிடணும். ரகசியம் கிடையாது. ஹாம் ரேடியோவுல என்கிரிப்ஷன் அனுமதி இல்ல, யார் வேணும்னாலும் கேக்கலாம். அதனால ஒருத்தரோட உடல்நிலை மாதிரி விஷயத்தை எவ்வளவு சொல்லணும்னு யோசிச்சுச் சொல்லணும். வேகம் கிடையாது, ஒரு செய்திக்கு ரெண்டு மூணு நிமிஷம் ஆகும். ஊரே நலம் விசாரிக்க அது தாங்காது. இன்னொண்ணு, சாதாரண நாள்ல ஹாம்கள் மத்தவங்களுக்காகச் செய்தி கடத்துறதுக்கு நம்ம நாட்டு விதிகள்ல கட்டுப்பாடு இருக்கு. பேரிடர் காலத்துல மாவட்ட ஆட்சியர் மாதிரி அதிகாரிகள் கேட்டுக்கிட்டா கடத்தலாம். தொழில் செய்திக்கு எப்பவுமே அனுமதி இல்ல.

முக்கியமா, ஆன்லைன்ல ரெண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு செட் வாங்கி நாளைக்கே பேச ஆரம்பிக்கலாம்னு நினைக்காதீங்க. லைசென்ஸ் இல்லாம அனுப்புறது சட்டப்படி குற்றம். அதைவிட, வெள்ள நேரத்துல பழக்கம் இல்லாத ஒருத்தர் பட்டனை அழுத்திக்கிட்டே இருந்தா, உயிர் போற செய்தி ஒண்ணு நின்னு போகும்.

எப்படி உள்ள வர்றது?

12 வயசு ஆனா போதும், பரீட்சை எழுதலாம். மத்திய தொலைத்தொடர்புத் துறையோட டபிள்யூபிசி பிரிவுதான் நடத்துது. விண்ணப்பம் சரள் சஞ்சார் இணையதளத்துல. ரெண்டு நிலை இருக்கு. ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு அடிப்படை எலக்ட்ரானிக்ஸ், ரேடியோ பத்தின பாடம், விதிகள். ஜெனரல் கிரேடுக்குக் கூடவே மோர்ஸ் கோடும் தெரியணும், நிமிஷத்துக்கு எட்டு வார்த்தை வேகத்துல. இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு முதல் பாதி சுலபம்னு தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு, மாதிரித் தேர்வுல விதிகள் பகுதியில நல்லா அடி வாங்குற வரைக்கும்.

பரீட்சைக்கு முன்னாடி சும்மா கேட்டுப் பார்க்கணும்னா, வெப் எஸ்டிஆர்னு தேடுங்க. உலகத்துல பல இடத்துல இருக்குற ரிசீவர்களை பிரவுசர்லயே திருகிக் கேக்கலாம். முதல் பத்து நிமிஷம் இரைச்சல் மாதிரிதான் இருக்கும். அப்புறம் அதுக்குள்ள மனுஷங்க இருக்குறது கேக்க ஆரம்பிக்கும்.

ரேடியோ பக்கமே வரலைன்னாலும் மூணு வேலையை இந்த வாரமே பண்ணுங்க. முக்கியமான நம்பர்களைப் பேப்பர்ல எழுதி வீட்ல ஒட்டுங்க. அதுல மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077 ரெண்டும் இருக்கட்டும். புயல் அறிவிப்பு வந்தா பவர் பேங்கை முதல்லயே ஏத்திடுங்க. சிக்னல் போனா, தினமும் காலையில எட்டு மணி, சாயங்காலம் ஆறு மணிக்கு மட்டும் போனை ஆன் பண்ணி ஒரு எஸ்எம்எஸ் அனுப்பணும்னு குடும்பத்துல பேசி வச்சுக்கோங்க. மத்த நேரம் போன் தூங்கட்டும்.

ஒரு பக்கம் மட்டும் போதாது

நான் பரீட்சைக்கு விண்ணப்பிச்சிருக்கேன். மோர்ஸ் பழகிட்டு இருக்கேன், நிமிஷத்துக்கு நாலு வார்த்தையில மாட்டிக்கிட்டு நிக்குறேன். ஆனா இதெல்லாம் பண்ணி முடிச்ச பிறகும் ஒரு சிக்கல் இருக்கு. நான் லைசென்ஸோட சென்னையில உட்கார்ந்திருந்தா மட்டும் ஃபெஞ்சல் அன்னைக்கு அந்த ஒன்பது வார்த்தை வந்திருக்காது. அந்தப் பக்கம் செஞ்சியில ஒருத்தர் இருந்திருக்கணும். பேட்டரியோட, கம்பியோட, பழக்கத்தோட. சென்னை, பெங்களூருல ஹாம் கிளப் இருக்கு, ஆட்கள் இருக்காங்க. தாலுகா ஊர்கள்லதான் ஆள் தேவைப்படுது, முதல்ல தொடர்பு அறுபடுறதும் அங்கதான். உங்க சொந்த ஊர் எதுவோ, அங்க இருக்குற ஒரு பள்ளிக்கூடம், ஒரு பாலிடெக்னிக், ஒரு மொபைல் ரிப்பேர் கடைக்காரர்கிட்ட இதைப் பத்திப் பேசிப் பாருங்க.

போன பொங்கலுக்கு வீட்ல நான் கால்ஃப், இந்தியா, நவம்பர்னு முணுமுணுத்துக்கிட்டு இருந்தேன். அண்ணன் பொண்ணு ஒன்பதாவது படிக்குறா. என்ன சித்தப்பா இதுன்னு கேட்டா, விளக்கினேன். அரை மணி நேரத்துல அவ பேர், பள்ளிக்கூடத்துப் பேர், தெருப் பேர் எல்லாத்தையும் அப்படியே சொல்ல ஆரம்பிச்சுட்டா, என்னை விட வேகமா. அப்புறம் கேட்டா, இந்தப் பரீட்சையை நான் எழுதலாமா?

எழுதலாம்னு சொன்னேன். பெரியப்பாதான் முதல்ல தலையாட்டினார். மொட்டை மாடியில கம்பி கட்ட இடம் இருக்குன்னார்.

பரீட்சை முடிஞ்சதும், பாஸோ பெயிலோ, இங்கேயே வந்து சொல்றேன். உங்க ஊர்ல ஹாம் யாராவது இருந்தா எழுதுங்க, அடுத்த எபிசோட்ல அவங்களைப் பேச வைக்கலாம்.